முதல் ஜோடியின் பனி

ஜனவரி 16, செவ்வாய்.
இன்றைய தவறு: பனியின் குளிரை வழக்கம்போல் வடக்கு வளைவில் அளக்காமல் தெற்கு வளைவில் அளந்துவிட்டேன். அங்கே முற்பகலில் வெயில் விழும். இன்றைய எண் நேற்றைய எண்ணோடு சேராது. அடித்துவிட்டேன்.

அடித்த பிறகும் கம்ஷாத்துக்கு மனம் ஆறவில்லை. அடித்தது சரியா, ஓரத்தில் ஒரு குறிப்போடு விட்டுவைத்திருக்க வேண்டுமா என்று பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தாள். மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து வந்த பழக்கம் இது. அன்றன்றைய தவற்றை முதலில் எழுதிவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்தான். ஆனால் பனியை ஏன் இப்படி விடாமல் அளக்கிறாள் என்பதை மட்டும் அவள் எந்தப் பக்கத்திலும் எழுதியதில்லை. எழுதினால் ஒரே வரிதான் வரும்: மெருயெர்த் எப்படி ஜெயிக்கிறாள் என்று கண்டுபிடிக்க.

அல்மாத்தி நகரத்துக்கு மேலே, ஷெங்கெல்சாய் பள்ளத்தாக்கில் இருந்த சறுக்குத் தளத்தில் கம்ஷாத் ஏழு வயதிலிருந்து ஓடுகிறாள். காலையில் பயிற்சி, பகலில் பொதுமக்களுக்குச் சறுக்குக் காலணி வாடகைக்குக் கொடுக்கும் வேலை, மாலையில் பேருந்து பிடித்துக் கீழே போய் இயற்பியல் வகுப்பு. மூன்று குளிர்காலங்களுக்கு முன்னால் பல்காஷ் ஏரிக்கரையிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த ஒரு பெண், சும்மா பொழுதுபோக்குக்காக அந்த வாடகை ஜன்னலில் வந்து நின்றாள். முப்பத்தேழாம் அளவு கேட்டாள். எடுத்துக் கொடுத்ததும் கம்ஷாத், குனிந்து நாடா கட்டிவிட்டதும் கம்ஷாத். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருந்தால் கால் வலித்து வீட்டுக்குப் போயிருப்பாள், திரும்பியே வந்திருக்கமாட்டாள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை அவள் நினைத்ததுண்டு.

மெருயெர்த் திரும்பி வந்தாள். அடுத்த வருடம் கழகத்தில் சேர்ந்தாள். அதற்கடுத்த வருடம் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் கம்ஷாத்தை முந்தினாள். முந்தியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முந்திவிட்டு, மூச்சு வாங்கியபடியே வந்து, "அப்கே, நீங்க அந்த வளைவுல தாழ்ந்து போறது எவ்ளோ அழகு தெரியுமா, எனக்கு வரவே மாட்டேங்குது" என்றாள். இரண்டு வயது மூத்தவளை அக்கா என்று அழைக்கிறாளாம், அதோடு மரியாதைப் பன்மை வேறு. அந்த மரியாதை கம்ஷாத்தின் நெஞ்சில் மீன்முள்போல் சிக்கிக்கொண்டது.

இந்த ஜனவரியில் அந்த முள் இன்னும் ஆழமாய் இறங்கிவிட்டது. அஸ்தானாவில் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு ஷெங்கெல்சாய் கழகத்திலிருந்து ஒரே ஒரு பெண் போகலாம். ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஓட்டம். முதலில் வருகிறவள் திங்கள் இரவு ரயிலேறுவாள். கம்ஷாத்துக்கு வயது இருபத்து மூன்று. அடுத்த வருடம் என்பது அவளுக்கு வெறும் பேச்சு.

ஆகவேதான் அந்த அளவைகள். பால்நூரின் மாமா வைத்திருந்த இறைச்சிக் கடையிலிருந்து, கறி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் ஊசி வெப்பமானி ஒன்றை வாங்கி வந்து, ஒவ்வொரு பயிற்சியின்போதும் பனியின் கீறலில் செருகிப் பார்த்தாள். பால்நூர் கழகத்தில் மூன்றாவதாக வருபவள். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். பகலெல்லாம் வாய் திறந்தவர்களிடம் தான் மட்டும் பேசிப் பழகியதாலோ என்னவோ, அவள் வாய் ஓயாது.

"என்னடி, ஐஸ் வெந்துச்சா? உப்பு காரம் பாத்தியா?"

"உன் வேலையப் பாரு."

"குதிரைக்கறின்னா இன்னும் ஒரு மணி நேரம் விடணும், சொல்லிட்டேன்."

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று கம்ஷாத் அளந்தாள். டிசம்பர் முழுக்க அளந்த பிறகு அவளுக்கு வேண்டியது கிடைத்தது.

கிடைத்தது என்றால் பாதி மாலை வகுப்பில் கிடைத்தது. அதுவும் ஓர் அவமானத்தோடு. பனி ஏன் வழுக்குகிறது என்று வகுப்பில் பேசும் முறை அவளுக்கு வந்தபோது, சின்ன வயதிலிருந்து கேட்டதை அப்படியே ஒப்பித்தாள்: காலணியின் பிளேடு பனியை அழுத்துகிறது, அழுத்தத்தில் பனி உருகுகிறது, அந்தத் தண்ணீரில் வழுக்குகிறது. ஆசிரியை குல்ஷாரா அப்பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் எடை எவ்வளவு, பிளேடோட அகலம் எவ்வளவு? போர்டுல போட்டுப் பாரேன்."

போட்டுப் பார்த்தாள். அவளைப்போல் பல பேர் ஒரே பிளேடில் ஏறி நின்றால்தான் பனியின் உருகுநிலை ஒரு சில டிகிரி இறங்கும் என்று வந்தது. வெளியே அன்றைக்கு இருந்ததோ மைனஸ் பதினெட்டு. டிராம் பழுதுபார்க்கும் எர்தென் பின் வரிசையிலிருந்து, "பதினாறு வருஷமா வழுக்குறவளுக்கே எதுல வழுக்குறோம்னு தெரியல. நான் பஸ் ஸ்டாப்ல விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டதுல என்ன தப்பு?" என்றான். வகுப்பே சிரித்தது.

பிறகு அப்பாய் விளக்கினார். பனிக்கு உள்ளே இருக்கிற ஒவ்வொரு துகளையும் நாலா பக்கமும் பிற துகள்கள் பிடித்துக்கொண்டிருக்கும். மேற்பரப்பில் இருப்பதற்கு ஒரு பக்கம் பிடிக்க ஆள் இல்லை. அதனால் அது நிலைகொள்ளாமல் புரண்டபடியே இருக்கும். மணிகளைத் தரையில் கொட்டினாற்போல அந்த அமைதியற்ற தோல்மீதுதான் பிளேடு ஓடுகிறது. கடுங்குளிரில் அந்தத் துகள்களும் இறுகிப்போய்விடும், பிளேடு பிடிக்கும். குளிர் குறைந்தாலோ பனியே இளகிவிடும், பிளேடு உழுதுகொண்டு போகும். இரண்டுக்கும் நடுவில், மைனஸ் ஏழை ஒட்டி ஓர் இடம் இருக்கிறது. உராய்வு மிகக் குறைவது அங்கேதான்.

பேருந்தில் மலையேறி வரும்போது கம்ஷாத் அவமானத்தை மறந்துவிட்டாள். பிடிக்க ஆளில்லாமல் புரள்வது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவளை உலுக்கியது அந்த ஏழுதான்.

தளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்கள் மரியாதையாக 'அகாய்' என்று அழைக்கும் பயிற்சியாளர் தல்காத் தன் சிறந்த இரண்டு பேரை ஒருபோதும் ஒரே ஜோடியில் ஓடவிடமாட்டார். ஒருத்தியை முதல் ஜோடியில் விடுவார், மற்றவளைக் கடைசி ஜோடியில். ஒருவரையொருவர் பார்த்து ஓடினால் இருவரும் கெட்டுப்போவார்கள் என்பது அவர் எண்ணம். யார் முதல் ஜோடி? அந்தப் பருவத்தில் நல்ல நேரம் வைத்திருப்பவள். தண்ணீர் ஊற்றும் வண்டி தளத்தை மழித்து வெந்நீர் ஊற்றிவிட்டுப் போனதும், கண்ணாடி மாதிரிப் புதுப் பனியில் அவள்தான் முதலில் இறங்குவாள்.

கம்ஷாத்தின் எண்கள் சொன்னது இதுதான். கடுங்குளிர் நாளில், வெந்நீர் ஊற்றிய கையோடு பனியின் தோல் மைனஸ் ஏழுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நேரம் ஆக ஆகக் குளிர்ந்து இறுகுகிறது, மேலே உறைபனித் தூள் வேறு பூக்கிறது. கடைசி ஜோடி இறங்கும்போது அது பனியில்லை, உப்புத்தாள். முந்துகிறவளுக்கு நல்ல பனி. நல்ல பனி கிடைப்பதால் அவளே மறுபடி முந்துகிறாள். மெருயெர்த் ஒரே ஒரு தடவை முந்தினாள், அதற்குப் பிறகு ஜெயித்ததெல்லாம் வெந்நீர்தான்.

இதை நினைக்க நினைக்க இனித்தது. வாயில் போட்ட கற்கண்டைப் போல, கரையக் கரைய இனித்தது. அந்தப் பெண்ணிடம் தனக்கில்லாத எதுவோ இருக்கிறது என்ற சந்தேகம்தான் இத்தனை நாள் கம்ஷாத்தைத் தின்றது. இல்லை. அவளிடம் ஒன்றுமில்லை. வண்டி ஊற்றும் நீர் மட்டும்தான்.

வியாழக்கிழமை காலை உடைமாற்றும் அறையில் எல்லோரும் காலணி கட்டிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து நின்றாள். வாசலில் நின்ற தல்காத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அகாய், ஞாயித்துக்கிழமை முதல் ஜோடி எனக்கு வேணும்."

பயிற்சியாளர் விசிலைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றினார். "ஏன்?"

"ரெண்டு மாசமா அளந்திருக்கேன். முதல் ஜோடி ஐஸும் கடைசி ஜோடி ஐஸும் ஒன்னு இல்ல. மெருயெர்த் ஜெயிக்கிறது அவ காலால இல்ல, ஐஸால."

மெருயெர்த் ஒரு காலில் காலணியும் மற்றக் காலில் கம்பளி உறையுமாய் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் சிவக்கும், வாதாடுவாள், அழுதாலும் அழுவாள் என்று கம்ஷாத் எதிர்பார்த்திருந்தாள். அவள் கண்ணில் தெரிந்ததோ வெறும் வியப்பு.

"அப்படியா அப்கே? நான் கவனிச்சதே இல்ல."

பால்நூர் குறுக்கே புகுந்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"கூடம் கோணலா இல்லையான்னு அளந்து வெச்சிருக்கேன்டி. பாக்குறியா?"

"கறி ஊசியிலதானே? வேணாம் தாயே, எனக்குப் பசிச்சிடும்."

தல்காத் கம்ஷாத் எண்கள் எழுதிய நோட்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து நெடுநேரம் படித்தார். நல்ல மனிதர்தான். தன் வழக்கத்தை ஒருத்தி குறை சொல்கிறாளே என்று அவர் கோபப்படவில்லை. அதனாலேயே அவரை வெறுக்கவும் முடியவில்லை.

"சரி. தப்பு என்னுதுதான். ஞாயித்துக்கிழமை நீ முதல் ஜோடி, பால்நூரோட. மெருயெர்த் கடைசி. யாருக்காவது ஆட்சேபனை?"

"எனக்கு ஒன்னுமில்ல அகாய்" என்றாள் மெருயெர்த். சொல்லிவிட்டு மற்றக் காலணியை மாட்டத் தொடங்கினாள்.

ஆட்சேபனை சொல்லியிருக்கலாமே என்று கம்ஷாத்துக்கு இருந்தது. பிடுங்கிய பொருளை, பறிகொடுத்தவள் தேடக்கூட இல்லை என்றால் பிடுங்கியதில் என்ன ருசி?

வெள்ளியும் சனியும் மலையில் குளிர் கடித்தது. மைனஸ் பதினேழு, பத்தொன்பது. கம்ஷாத் உள்ளுக்குள் கூத்தாடினாள். இதே குளிர் ஞாயிறுவரை நின்றால் போதும். மெருயெர்த்துக்கு உப்புத்தாள், தனக்குக் கண்ணாடி. சனிக்கிழமை பயிற்சி முடிந்து போகும்போது மெருயெர்த் வாடகை ஜன்னலில் எட்டிப் பார்த்து, காகிதப் பொட்டலத்தில் சுடச்சுட எண்ணெயில் பொரித்த பாவுர்சாக் உருண்டைகளை வைத்துவிட்டுப் போனாள். "சித்தி செஞ்சாங்க. நாளைக்கு நல்லா ஓடுங்க அப்கே." பொட்டலம் மாலைவரை அப்படியே இருந்தது. கடைசியில் பசி தாளாமல் ஒன்றைத் தின்றாள். ருசியாக இருந்தது. அதற்கும் சேர்த்து அவள்மேல் எரிச்சல் வந்தது.

ஞாயிறு விடிந்தபோது கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுக் கம்ஷாத் விழித்தாள். படுக்கையில் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தாள். தெற்குக் கணவாயைத் தாண்டி வரும் அந்த வெதுவெதுப்பான காற்றை மலைவாசி எவருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஒரே இரவில் பாதி குளிர்காலத்தைத் தின்றுவிடும். தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்றின் வெப்பம் பூஜ்யத்துக்கு மேலே ஏறியிருந்தது.

அவள் ஊசியைச் செருகாமலே கணக்குப் போட்டுவிட்டாள். இந்தக் காற்றில் வெந்நீர் ஊற்றினால் சட்டென்று உறையாது. முதல் ஜோடி இறங்கும்போது பனியின் தோல் ஈர மாவு மாதிரி இருக்கும். பிளேடு வழுக்காது, உழும். ஆனால் தளத்துக்கு அடியில் குளிர்க்குழாய்கள் ஓடுகின்றன. நண்பகலுக்கு முன்னால் சூரியன் தெற்கு முகட்டுக்குப் பின்னால் போய்விடும், காற்றும் அடங்கும். ஐந்து ஜோடிக்கும் ஒரே தடவைதான் தண்ணீர். கடைசி ஜோடி வரும் நேரத்துக்குள் குழாய்கள் அந்த மாவை இழுத்து இறுக்கி, ஏழுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். நல்ல பனி இன்றைக்குக் கடைசியில்தான் இருக்கிறது. தான் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, தூக்கி மெருயெர்த்தின் கையில் கொடுத்த அந்தக் கடைசியில்.

தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் மெருயெர்த் கால்களை உதறியபடி நின்றிருந்தாள். காலணியின் நுனியால் பனியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஐஸ் தூங்குது" என்றாள். "இப்போதைக்கு எழுந்திருக்காதுபோல. மத்தியானம் எழுந்திரிக்கும்."

வெப்பமானி இல்லை, மாலை வகுப்பு இல்லை, எண்கள் இல்லை. ஒரு தட்டு. கம்ஷாத் தன் ஊசியைப் பைக்குள் தள்ளினாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. காலுக்குத் தெரியுதே." மெருயெர்த் குரலைத் தாழ்த்தினாள். "அப்கே, வேணும்னா மாத்திக்கலாமா? நான் முதல்ல போறேன். அகாய்கிட்ட நானே சொல்லிக்கிறேன், எனக்கு முதல் ஜோடிதான் பழக்கம்னு. உங்க பேரு வராது."

ஒரே ஒரு தலையாட்டல் போதும். முகாம், ரயில், அஸ்தானா, இருபத்து மூன்று வயதில் கடைசியாக ஒரு வாசல், எல்லாம் அந்தத் தலையாட்டலுக்கு அப்பால் நின்றன. அவள் கழுத்து அசைய மறுத்தது. இவளிடம் தோற்றால் வலி ஒருநாள். இவள் கொடுத்ததை வாங்கி ஜெயித்தால், முகாமில் ஒவ்வொரு காலையும் காலணி கட்டும்போது இவள் முகம் தெரியும்.

"வேணாம். உன் தானம் எனக்குத் தேவையில்ல."

"தானம் இல்ல அப்கே..."

"நான் கேட்டது முதல் ஜோடி. முதல் ஜோடியிலதான் ஓடுவேன். நீ உன் வேலையப் பாரு."

மெருயெர்த் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வண்டி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனது. தளம் பளபளத்தது. பார்க்க அழகுதான். அதில் மலை தலைகீழாய்த் தெரிந்தது. தல்காத் கொடி அசைத்ததும் கம்ஷாத் வெளிப்பாதையிலும் பால்நூர் உள்பாதையிலும் கிளம்பினார்கள். முதல் நாலு உந்தலிலேயே கம்ஷாத்துக்குத் தெரிந்துவிட்டது. உந்தும்போது பனி பின்வாங்கியது, சறுக்கும்போது பிடித்து இழுத்தது. சத்தமே வேறு. வழக்கமாய்க் கேட்கும் 'ஸ்ஸ்' இல்லை, ஈரத்துணியைக் கிழிப்பது போன்ற ஓசை. பனி எடுப்பதை உடம்பால் ஈடுகட்டுவோம் என்று முதல் சுற்றில் வெறிகொண்டு உந்தினாள். இரண்டாம் சுற்றில், தடுப்புச் சுவரருகே கம்பளித் தொப்பியோடு நின்ற மெருயெர்த்தை ஓரக்கண்ணால் தேடினாள். அவள் கை தட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் சுற்றில் தொடைகள் கல்லாயின. கடைசி வளைவில், எல்லோரும் மெச்சும் அந்தத் தாழ்ந்த சாய்வில், இடது பிளேடு மாவில் புதைந்து ஒரு தடுமாற்றம். விழவில்லை, அவ்வளவுதான்.

கடைசி ஜோடி இறங்கியபோது தளம் நிழலில் கிடந்தது. கம்ஷாத் வடக்கு வளைவில் ஊசியைச் செருகிவிட்டு நிமிர்ந்தாள். மைனஸ் ஆறரை. மெருயெர்த் அவளைக் கடந்து போனபோது அந்த ஓசை வந்தது. 'ஸ்ஸ்.' நீளமான, அவசரமில்லாத ஓசை. பார்க்கக் கூடாதென்று நினைத்தவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

மூன்று நொடி வித்தியாசம். மெருயெர்த் முதல், கம்ஷாத் இரண்டு.

தல்காத் முடிவைப் படித்து முடிப்பதற்குள் கம்ஷாத் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அகாய், இந்த ஓட்டம் செல்லாது. முதல் ஜோடி ஐஸ் வெறும் சேறு. கடைசி ஜோடி ஐஸ அளந்து வெச்சிருக்கேன்."

"வியாழக்கிழமை முதல் ஜோடி வேணும்னு நீதானம்மா கேட்ட?"

"அன்னிக்குக் குளிரு. இன்னிக்குக் காத்து. ஐஸ் மாறிடுச்சு."

சுற்றி நின்றவர்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தல்காத் சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்தார்.

"நீ சொல்றதுல நியாயம் இருக்கலாம். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வராது, உனக்கு வரும். ஐஸால மட்டும் எவ்வளவு போச்சுன்னு போட்டு எடு. அந்த மூணு நொடியும் ஐஸ் தின்னதுன்னு வந்தா, நாளைக்கு மத்தியானம் மறு ஓட்டம் வெக்கிறேன். ரயில் ராத்திரிதானே. நாளைக் காலைல ஏழு மணிக்கு எங்கிட்ட சொல்லு. நீ சொல்றத நான் நம்புறேன்."

"மறுபடி ஓடுறதுன்னா எனக்கும் சரிதான் அகாய்" என்று மெருயெர்த் தேநீர்க் கிண்ணத்தை ஊதியபடி சொன்னாள். அவளுக்கு எல்லாமே சரிதான். எந்தப் பனியும் சரி, எந்த நாளும் சரி.

பிற்பகலில் கம்ஷாத் வாடகை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். குழந்தைகள் ஈரக் காலணிகளைத் தள்ளிவிட்டுத் தங்கள் பூட்ஸைக் கேட்டுக் கத்தினார்கள். ஒரு கையால் எடுத்துக் கொடுத்தபடியே மறு கையால் எழுதினாள். மூன்று நொடி வர வேண்டும். மூன்று வந்தால் நாளைக்கு மறுபடி ஓடலாம். வானொலி இரவில் குளிர் திரும்பும் என்கிறது. முதல் ஜோடியைக் கேட்டு வாங்கினால்...

முதலில் உராய்வை வைத்துப் போட்டாள். ஈரப் பனியில் உராய்வு எவ்வளவு கூடும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாள். ஆனால் ஓடுகிறவளை இழுப்பதில் பெரும் பங்கு எதிர்காற்று, பனியின் பங்கு சிறியது. எப்படிப் புரட்டினாலும் ஒன்றரை நொடியைத் தாண்டவில்லை. உராய்வை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். ஏற்றிய எண்ணைப் பார்க்கத் தனக்கே வெட்கமாக இருந்தது. அந்த எண் உண்மையென்றால் பால்நூர் பாதி வழியிலேயே நின்றிருக்க வேண்டும்.

பால்நூர். அவள் பெயரை எழுதியதும் கை நின்றது.

அந்த நேரம் பார்த்து அவளே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். "என்ன விஞ்ஞானி, குழம்பு கொதிச்சாச்சா?"

"இன்னிக்கு உன் நேரம் வழக்கத்தவிட எவ்வளவு ஜாஸ்தி?"

"ஒன்னேகால் நொடி. அந்தச் சேத்துல அதுவே பெருசு." பால்நூர் ஜன்னல் திட்டில் முழங்கையை ஊன்றினாள். "உனக்கு?"

கம்ஷாத் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். அவள் இழந்தது இரண்டரை நொடிக்கு மேல்.

"ரெண்டு பேரும் ஒரே ஐஸ்லதானேடி ஓடுனோம்? நான் உள்ள, நீ வெளிய, அப்புறம் மாத்தி. எனக்குத் தனியா ஐஸ் எவனும் கொண்டுவந்து போடல." அவள் குரலில் கேலி குறைந்துவிட்டது. "நான் உன் பின்னாலயே வந்தேன் கம்ஷாத். முதல் சுத்துல நீ ஓடல, யாரையோ அடிக்கப் போனே. அப்புறம் ஒவ்வொரு வளைவுலயும் சுவத்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்தே. அங்க என்ன இருந்துச்சு?"

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாததுக்கு ஒன்னேகால் நொடி குடுத்துட்டியே" என்றாள் பால்நூர். பேருந்து ஹார்ன் அடித்ததும் ஓடிவிட்டாள்.

கம்ஷாத் மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். ஒரே பனி, ஒரே நேரம், இரண்டு பேர். இதைவிடச் சுத்தமான சோதனையை எந்த வகுப்பிலும் செய்ய முடியாது. பனி தின்றது ஒன்றேகால். மீதியைத் தின்றது எது என்று அவளுக்குத் தெரியும். ஒன்றேகாலைத் திருப்பிக் கொடுத்தாலும் மெருயெர்த் முன்னால்தான். தன் நல்ல நாளில், நல்ல பனியில் ஓடியிருந்தால்கூட கிட்டத்தட்ட அரை நொடி பின்னால்தான் வந்திருப்பாள். டிசம்பர் எண்களையும் எடுத்து இதே கண்ணோடு பார்த்தாள். புதுப் பனி மெருயெர்த்துக்குக் கொடுத்தது உண்மைதான். ஆனால் அரை நொடிக்குமேல் ஒருநாளும் கொடுத்ததில்லை. அவள் ஜெயித்ததோ எப்போதும் அதைவிட அதிகத்தில்.

ஒரு வழி இருந்தது. பால்நூரின் நேரத்தை விட்டுவிடலாம். ஒரே ஓட்டம், ஒரே ஆள், அதை வைத்து என்ன சொல்ல முடியும் என்று கேட்டால் குல்ஷாரா அப்பாய்கூட ஒப்புக்கொள்வார். உராய்வுக்கு அந்த வெட்கங்கெட்ட எண்ணை வைத்தால் மூன்று வந்துவிடும். தல்காத்துக்கு அந்தக் கணக்கு வராது. அவர்தான் சொன்னாரே, நீ சொல்றத நான் நம்புறேன் என்று. நம்ப மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

அவள் நிஜமாகவே அந்த எண்ணை வைத்து, கடைசிவரை போட்டுப் பார்த்தாள். மூன்று நொடி. அழகாக வந்தது. காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ரசித்தாள். வெளியே பொதுமக்கள் நேரம் முடிந்து, தளத்தில் ஒருத்தி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தாள். தேர்வில் ஜெயித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், பழைய காலணியோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாருக்காகவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள். பொதுமக்கள் கிழித்துப்போட்ட குண்டும் குழியுமான பனி. அதிலும் அந்த நீளமான ஓசை வந்தது.

இந்தப் பனியில் தன்னால் அப்படிப் போக முடியாது. கம்ஷாத்துக்கு அது எந்த ஊசியும் இல்லாமலே தெரிந்தது. பொறாமை குறையவில்லை. கூடியது. ஆனால் சாய்ந்துகொள்ள அதற்கு இனி ஒரு சுவரும் இல்லை.

காகிதத்தை மடித்தாள், பிரித்தாள். மூன்று என்ற விடையின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். வாடகைக் காலணிகளைத் தட்டில் வரிசைப்படுத்தி முடித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்.

ஜனவரி 21, ஞாயிறு.
பனியால் போனது ஒன்றேகால் நொடி. மீதி என்னால்.
நாளை: காலை ஏழு மணிக்கு முன்னால் உடைமாற்றும் அறைக்குப் போக வேண்டும். எல்லோரும் காலணி கட்டும் நேரத்தில் அகாயிடம் இந்த எண்ணைச் சொல்ல வேண்டும். மறு ஓட்டம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மெருயெர்த் அறையில் இருக்கும்போதே சொல்ல வேண்டும்.